இடப்பக்கத் தூண்

மே 6
முதல் முகாம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கோபம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற ஆள் நீங்கள்.

வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது. வண்டி மலையேறியது, மழையில் நனைந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தில் உங்களுக்கு மனம் ஒட்டாது. பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட என் பழைய பஸ்ஸை மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீடாக மாற்றினீர்கள். கட்டில், அடுப்பு மேடை, மடக்கு மேசை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. முகாமில் பக்கத்து கேரவன்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி செஞ்சது?" என்று கேட்கிறார்கள். "என் வீட்டுக் கம்பெனி" என்று சொல்லி வைத்தேன்.

இடப்பக்கம் மூன்றாவது இழுப்பறை மட்டும் ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறக்கிறது. இதுவரை ஆறு தடவை கரண்டிகளைப் பொறுக்கியிருக்கிறேன். அதற்கு மேலே உள்ள அலமாரித் தட்டும் ஒரு விரற்கடை இறங்கி நிற்கிறது. சாப்பாட்டு மேசையில்கூட சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வைப்பீர்கள். அதனால்தானே உங்களுக்கு ரசமட்டம் என்றே பெயர் வைத்தேன். உங்கள் கையிலிருந்து இப்படி ஒரு தட்டா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. இங்கே சிக்னலும் இல்லை, ஆக இரண்டு பேருக்கும் நல்லது. எந்த முகாமில் என்றைக்கு இருப்பேன் என்ற பட்டியலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தந்த அலுவலகத்துக்கு எழுதினால் எடுத்து வைப்பார்கள்.

அன்றைக்கு வாசலுக்குள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது இடப்பக்கத் தூணில் இடித்தது. அது போகட்டும். அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டார் வேடிக்கை பார்க்க, "இவளை நம்பிப் பிள்ளைங்களை எப்படித்தான் அனுப்புறாங்களோ" என்றீர்களே, அது போகவில்லை. இருபத்திரண்டு வருடம் பள்ளி பஸ் ஓட்டியிருக்கிறேன், அதுவரை வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்புறம் பயணத்துக்கும் வரமாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

பள்ளி விடுமுறை எட்டு வாரம். திரும்பும்போது நம் வீட்டுக்கு வருவதா, மகள் வீட்டுக்குப் போவதா என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கப் போகிறேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே நிஜமாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
டிரைவர்


மே 11
வீடு

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

உன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே ஆரம்பிக்கிறேன். உனக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, இதுவரை எழுதியதும் இல்லை.

இழுப்பறை திறக்க வாய்ப்பில்லை. நான் செய்த இழுப்பறை தானாகத் திறக்காது. நீ முழுதாக அடைத்திருக்க மாட்டாய். அடைக்கும்போது 'டக்' என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அட்டையை நான்காக மடித்து இடுக்கில் சொருகு. டயர் காற்றை வாரம் ஒரு முறை பார். எரிவாயு உருளையை மூடாமல் வண்டியை எடுக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று சொல்வாய். சொல்லி வைப்பதில் தப்பில்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பட்டறையில் ஒரு பெரிய வீட்டின் கதவுகள் முழுவதும் வந்திருக்கின்றன, வாள் மெஷின் ஓய்வதில்லை. எல்லோரும் "மேஸ்திரி, அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார்கள். எட்டு வாரம் என்று சொல்கிறேன். உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஓரத்தில் இருக்கிற ஒரு தொட்டி மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது, கொஞ்சம் வாடியிருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன்.

தூணைப் பூசிவிட்டேன். அன்றைக்குச் சொன்னது கோபத்தில் வாயில் வந்தது. ஆனாலும் அந்தத் தூண் இருபது வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறது, அதையும் நீ யோசிக்க வேண்டும்.

மலைமேல் இருக்கிற அந்தப் பெரிய மரங்களைப் பார்க்கத்தான் போனாய். மரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

இப்படிக்கு,
மேஸ்திரி


மே 17
இரண்டாம் முகாம்

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்து அம்மா கொடுத்தார். உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ஓடுற வண்டியில உக்காந்து எழுதினாரா?" என்று கேட்டார். பிரித்தால் உள்ளேயும் வரிகள் எல்லாம் சரிந்து கிடக்கின்றன. காலண்டர் அரை அங்குலம் சாய்ந்தால் சோறு இறங்காத மனிதர் நீங்கள். கை நடுக்கமா? சத்தம் வரும்படி இழுப்பறையை அடைத்தேன், 'டக்' என்றது, அடுத்த வளைவில் திறந்துகொண்டது. அட்டையைச் சொருகி வைத்திருக்கிறேன்.

மரத்தைக் கேட்டிருந்தீர்கள். முதல் முகாமுக்கு வந்த அன்றைக்கு நான் மரத்தைப் பார்க்கவே இல்லை. பனி அவ்வளவு. ஏதோ செம்பழுப்புச் சுவர் என்று நினைத்து அதன் ஓரமாக வண்டியை நிறுத்தி, சோறு வடித்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி முடித்தேன். பனி விலகியதும்தான் சுவருக்குக் கிளை இருப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால் நம் பஸ் மொத்தமும் நின்றால் முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. காலடியை எண்ணிக்கொண்டே சுற்றி நடந்தேன், முப்பத்தெட்டு. பட்டை கல்லாக இருக்கும் என்று தட்டினால் மெத்தையாக அமுங்குகிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதால் வண்டியின் கூரைமேல் ஏறி மல்லாந்து படுத்தேன். அப்போதும் நுனி தெரியவில்லை. மழை இல்லாதபோதும் மரத்தடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மேலே கிளைகள் பனியைப் பிடித்துக் கீழே விடுகின்றனவாம். "இதுங்களுக்கு அவசரமே கிடையாதுங்க" என்றார் அலுவலகத்து அம்மா.

இன்னொன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே வருகிற வழியில் சாலை இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில் போகிறது. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். சாலைப் பணியாளர் ஒருவர் உதவி செய்ய ஓடிவந்து, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கை காட்டினார். நான் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானே பாத்துக்கறேன்" என்றேன். அவர் சரி என்று தள்ளி நின்றார், அவ்வளவுதான். பட்டையில் உரசாமல் வெளியே வந்தேன். வந்த பிறகு வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.

ஏனென்றால் அன்றைக்கு எனக்குத் தூண் தெரிந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் தெளிவாக, நீங்கள் பூசிய சுண்ணாம்பு உட்படத் தெரிந்தது. நீங்கள் பின்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்றீர்கள். கால் பிரேக்கில் இருந்தது, எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலையையும் எனக்கே சொல்லிக்கொடுக்கிறாரே, ஒரு தடவையாவது இவர் தப்பு என்று ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இடித்தது. ஊர் என்னைத்தான் பார்த்தது.

உங்கள் மூன்று வருட உழைப்பின் பின்பக்கத்தை நானே வேண்டுமென்று உடைத்தேன். பிள்ளைகள் உள்ளே இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன், ஆனால் அதுவும் ஒரு சமாதானம்தான். மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள் நீங்கள். தூண் உங்களுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் "வா" என்றீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்


மே 22
வீடு

அன்புள்ள உனக்கு,

சமையலறையில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேலை அது. பிறகு 'ஊர் என்னைத்தான் பார்த்தது' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். தனியாக நின்று ரொம்ப நேரம் சிரித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எனக்குத் தூண் தெரியவில்லை.

பலகை நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம் என்று உனக்குத் தெரியும். ஒரு முனையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, மற்ற கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பு வழியாகப் பார்ப்போம். முப்பது வருடமாக நான் மூடுவது இடக்கண், பார்ப்பது வலக்கண். போன வருடம் மார்ச்சில் ஒரு நாள் வலக்கண்ணில் மரத்தூள் விழுந்தது. சரி, இன்றைக்கு இந்தக் கண்ணால் பார்ப்போம் என்று மாற்றிப் பிடித்தேன். கையில் பலகை இருந்தது, கண்ணில் இல்லை. நடுவில் சாவித் துவாரம் அளவு வெளிச்சம், சுற்றிலும் ஒன்றுமில்லை. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. அந்தக் கண்ணை மூடி மூடியே வேலை செய்ததில் அது போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார் என்று பயம். பட்டறையில் தெரிந்தால் வாள் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள். உனக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. இந்த வீட்டில் சரியாகப் பார்க்கிற ஆள் நான்தான் என்று உன்னிடம் எத்தனை வருடம் அலட்டியிருக்கிறேன்.

உன் இழுப்பறை திறக்கும். இடப்பக்க வேலை எல்லாம் அந்த மார்ச்சுக்குப் பிறகு செய்தது. தொட்டி வாடுவதும், கடித வரி சரிவதும் அதனால்தான். பயணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதும் கோபத்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் நான்கே நாளில் கண்டுபிடித்துவிடுவாய். தூண் இடித்தபோது எல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பயத்தில்தான் உன்மேல் பாய்ந்தேன்.

நீ பார்த்துக்கொண்டே இடித்தாய். நான் பார்க்காமல் இடிக்க வைத்தேன். இதில் யார் யாரை மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மே 27
மூன்றாம் முகாம்

உங்களுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

பதினான்கு மாதம். பதினான்கு மாதமாக அந்த ஸ்கூட்டரை ஓட்டியிருக்கிறீர்கள். பள்ளி விடுகிற நேரத்தில், நம் தெருமுனையில், இடப்பக்கத்திலிருந்து பிள்ளைகள் ஓடிவருகிற இடத்தில். நான் வருடா வருடம் கண் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் "எழுத்தெல்லாம் மனப்பாடமா?" என்று கேலி செய்வீர்கள். அந்த எழுத்துகள் எதற்கு என்று இப்போது புரிகிறதா? வாள் மெஷினில் பத்து விரலும் மிச்சம் இருப்பதே அதிசயம்.

வேண்டுமென்றே இடித்தேன் என்று உங்களுக்கு எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் ஒரு வருடமாக என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இங்கே ஒரு மரத்துக்குள் பத்துப் பேர் நிற்கலாம். எப்போதோ பிடித்த தீ உள்ளே குடைந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் மேலே பச்சைப் பசேல் என்று நிற்கிறது. அதைப் பார்த்து உங்களுக்கு ஆறுதலாக நான்கு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. மரம் ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை.

இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். ஸ்கூட்டர் சாவியை எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள், திருப்பிக் கேட்டாலும் தரக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மகளிடம் உண்மையைச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். அவர் எழுதித் தருகிற காகிதத்தை எனக்கு அனுப்புங்கள். உங்கள் வாயால் 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

பட்டியல்படி நாளைக்கு நான் கிளம்ப வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை இங்கிருந்து நகரமாட்டேன்.

டிரைவர்


ஜூன் 2
வீடு

அன்புள்ள உனக்கு,

டாக்டர் எழுதிய காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மகளே உறையில் போட்டாள், நான் ஏதாவது ஒளித்துவிடுவேன் என்று. அவளிடம் சொன்னபோது மூன்று நிமிடம் அழுதாள், அரைமணி நேரம் திட்டினாள். உன் மகள்தான்.

காகிதத்தில் எழுத்து புரியாது, அதனால் சொல்கிறேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. இடக்கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. வலக்கண்ணில் ஓரமாக இப்போதுதான் தொட்டிருக்கிறது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் அதைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்கிறார். ஆயுசுக்கும் விடவேண்டும். "ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டார். "வேலை" என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில், "பயம் சார்" என்று மாற்றிச் சொன்னேன்.

பட்டறை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வாள் மெஷின் இனி எனக்கு இல்லை. இழைத்து முடித்த கதவுகளைக் கையால் தடவிச் சரிபார்க்கிற மேசைக்கு மாற்றியிருக்கிறார். முதல் நாளே நான்கு கதவுகளைத் திருப்பி அனுப்பினேன். பையன்கள் மெஷினிலேயே நான் இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கத் தையல்காரர் வீட்டுக்குப் போனபோது இன்னொரு வேலையும் செய்தேன். "அன்னைக்குத் தூண்ல இடிச்சது அவ தப்பு இல்ல. எனக்கு ஒரு கண்ணு தெரியல. தெரியாமலே வா வான்னு கை காட்டினேன். அவளைப் பத்திச் சொன்னது பொய்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன், அதற்கும் அடுத்த வீட்டுக்கும் போனேன். அன்றைக்கு நின்று பார்த்த மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னேன். நீ பார்த்துக்கொண்டே இடித்ததைச் சொல்லவில்லை, அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். மூன்றாவது வீட்டு அம்மா, "இதைச் சொல்ல ஒரு மாசமா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

முதல் கடிதத்தில் நம் வீடா, மகள் வீடா என்று எழுதியிருந்தாய். கண் விஷயம் தெரிந்ததற்காக அதை மாற்றாதே. என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். சொட்டு விடப் பழகிவிட்டேன், மூன்றில் ஒன்று கண்ணுக்குள் விழுகிறது. இரக்கத்துக்காக நீ இந்த வாசலுக்குள் வந்தால் அதை என்னால் தாங்க முடியாது. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்,
வீட்டுக்காரன்


ஜூன் 7
மூன்றாம் முகாம்

என் அன்புள்ள ரசமட்டத்துக்கு,

காகிதமும் கடிதமும் நேற்று கிடைத்தன. காகிதத்தை இந்த முகாம் அலுவலகத்தில் இருக்கிற அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவருடைய அண்ணனுக்கும் இதே அழுத்தம்தானாம். பதினெட்டு வருடமாகச் சொட்டு விட்டுக்கொண்டு தினமும் செய்தித்தாள் படிக்கிறாராம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.

இன்றைக்குக் காலை எழுந்ததும் இடக்கண்ணில் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் வரை அப்படியே இருப்பது என்று முடிவு. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். வண்டிப் படியில் தடுக்கினேன். இடப்பக்கமாக வந்த ஒரு சைக்கிள் சத்தமே இல்லாமல் முளைத்ததில் துள்ளி ஒதுங்கினேன். இப்படியா ஒரு வருடம் இழைத்தீர்கள், பலகை அறுத்தீர்கள், எனக்குக் கட்டில் செய்தீர்கள் என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். அது மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. ஒரு கண்ணால் பார்த்தாலும் அதே உயரம்தான், அதே கழுத்துவலிதான். நாளெல்லாம் நின்று பார்க்கலாம்.

இரக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இரக்கப்பட்டிருந்தால் போன கடிதத்தில் அவ்வளவு திட்டியிருப்பேனா? நம் வீட்டுக்குத்தான் வருவேன். கண்ணுக்காக இல்லை. நீங்கள் யார் வீட்டுப் படியும் ஏறிப் போய் 'என் தப்பு' என்று சொல்கிற ஆள் இல்லை. எனக்காக மூன்று படி ஏறினீர்கள். அதைப் படித்ததும் மகள் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த தேன் பாட்டிலை நானே திறந்துவிட்டேன்.

ஆனால் விடுமுறை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, நான் பாதி மரம்கூடப் பார்க்கவில்லை. முதலாளியிடம் லீவு கேளுங்கள். முப்பது வருடத்தில் எத்தனை நாள் எடுத்திருக்கிறீர்கள் என்று அவருக்கே தெரியும். சொட்டு மருந்தை நான் விடுகிறேன், மூன்றில் மூன்றும் உள்ளே விழும். இழுப்பறையையும் தட்டையும் நீங்கள் கையால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள், ஆணியை நான் அடிக்கிறேன். வண்டி பின்னால் போகும்போது நீங்கள் இறங்கக் கூடாது, உள்ளேயே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும்.

காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் அன்றைக்கு மாலையே இந்த முகாம் வாசலில் இறக்கிவிடுவார்கள். வலப்பக்கம் ஜன்னலோரமாக உட்காருங்கள். கடைசி ஒரு மணி நேரம் மரங்கள்தான், அந்தப் பக்கம் இருந்தால் எதையும் தவறவிடமாட்டீர்கள். தினமும் மாலை நான் வாசலில் நிற்பேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகிறது. பஸ் ஒரே நாளில் வந்துவிடும்.

உங்கள்,
டிரைவர்